இடது கரை மாப்பிள்ளை, வலது கரை மாப்பிள்ளை

என் மாமனார் வீட்டில் வடையை எண்ணித்தான் வைப்பார்கள். கஞ்சத்தனம் இல்லை, நியாயம். மூத்த மாப்பிள்ளை இலையில் மூன்று விழுந்தால் இளைய மாப்பிள்ளை இலையிலும் மூன்று விழும். ஒன்று மிஞ்சிவிட்டால் மாமியார் அதைச் சரிபாதியாகப் பிய்த்து இரண்டு இலையிலும் வைப்பார். தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே கரை வேட்டி. உட்கார ஒரே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. மின்விசிறிக் காற்று ஒருவருக்குக் கூடுதலாக வீசிவிடக் கூடாது என்று மாமனார் அந்த நாற்காலிகளை அளந்து போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் இளைய மாப்பிள்ளை. கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடி அறையில் உட்கார்ந்து, போனில் ஓடும் ஆப் எழுதிப் பிழைக்கிறேன். என் மனைவியின் அக்காவைக் கட்டிய சகலை திருக்கோவிலூரில் இருக்கிறார். அவருக்கும் அதே தொழில். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேருக்கும் ஒரே தொழில் அமைந்தால் என்ன ஆகும்? சண்டைதான் ஆகும்.

எங்கள் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. நான் நேட்டிவ் கட்சி. எந்த வகை போனுக்கு ஆப் வேண்டுமோ அந்த வகைக்கென்றே தனியாக எழுத வேண்டும் என்பது எங்கள் கொள்கை. ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று. சகலை கிராஸ் பிளாட்பார்ம் கட்சி. ஒருமுறை எழுதினால் இரண்டு வகை போனிலும் ஓட வேண்டும் என்பார்கள் அவர்கள்.

"ஒரே மாவுல இட்லியும் ஊத்தலாம், தோசையும் ஊத்தலாம். இன்னாத்துக்கு தம்பி ரெண்டு வாட்டி அரைக்கிறீங்க?" என்பார் அவர்.

"அந்த மாவுல ஒரு வடை சுட்டுக் காட்டுங்க அண்ணே, பார்க்கலாம்" என்பேன் நான்.

இதையே மூன்று தீபாவளி, மூன்று பொங்கல் பேசினோம். நான்காவது தீபாவளிக்குப் பேச்சே நின்றுபோனது. எதிரெதிரே சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவர் முதலில் பேசட்டும் என்று நான் இருந்தேன். இவன்தானே சின்னவன், இவன் பேசட்டும் என்று அவர் இருந்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று என் மனைவி கேட்டாள். உதிர்ந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

மாமனாருக்குக் கச்சிராயபாளையம். கோமுகி அணைத் தண்ணீர் வரும் ஒரு கிளை வாய்க்காலுக்கு முறை வைப்பவர் அவர். தண்ணீர் திறந்துவிட்டால் யார் மடையை எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு அடைப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். வருடக்கணக்கில் கரையில் நின்று கத்தியே அந்த வேலையைப் பார்த்தார். அந்த வருடம் தொண்டை கட்டிக்கொண்டது. கத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வாய்க்கால் விவசாயிகள் எல்லோரும் கூடிய கூட்டத்தில், கட்டிய தொண்டையோடு மாமனார் எழுந்து நின்றார். "எம் மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்காரங்க. இந்த வாட்டி நான் கத்த வேணாம். அவங்கவங்க முறைக்கு அவங்கவங்க போனு தானா அடிக்கும்" என்றார். எங்களிடம் அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சகலையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஊரே திரும்பிப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார். அதுவரை பிறர் வயலில் கூலிக்கு நட்டவர். அந்த வருடம்தான் முதல் முறையாக அரைக் காணியைக் குத்தகைக்குப் பிடித்து நாற்று விட்டிருந்தார். வாய்க்கால் எங்கே முடிகிறதோ அங்கே இருக்கிறது அந்த நிலம். பாதி நாள் விடிந்ததும் பஸ் ஏறி, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கல்வராயன் மலைக்குப் போய்விடுவார். மேலே சிக்னல் கிடையாது. கடைமடைக்கு முறை வந்ததைச் சொல்ல ஆளில்லாமல் அந்த நிலத்தில் முன்பு இருந்தவரின் நாற்று காய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கும் அடிக்குங்களா ஐயா?" என்று கேட்டார்.

"உனக்கு அடிக்காம வேற யாருக்கும்மா அடிக்கப் போவுது? எம் பேச்சும்மா இது" என்றார் மாமனார். அந்த அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

இனி எப்படி எழுதுவது என்று முடிவாக வேண்டும். நான் உடனே கணக்கெடுப்பில் இறங்கினேன். என் பைக்கின் பின்னால் மாமனாரை உட்காரவைத்து வயல் வயலாகப் போய் யாரிடம் என்ன போன் இருக்கிறது என்று விசாரித்தேன்.

"எதுக்குக் கேக்கிறீங்க? ஏதாச்சும் காணாம போச்சா?" என்று ஒருவர் சட்டைப் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் போனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அவிழ்த்தால் இரண்டாகப் பிரிந்துவிடும், கட்டினபடியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அக்கா மட்டும் அன்று மலைக்குப் போயிருந்தார். பார்த்த வரையில் எல்லாம் ஆண்ட்ராய்டு. அந்த வாய்க்கால் பக்கம் தலைகாட்டும் ஒரே ஐபோன் சகலையின் ஐபோன். அவருக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். "பாருங்க மாமா! ஒரு விவசாயிகிட்ட கூட ஐபோன் இல்ல. நேட்டிவ்தான் சரி" என்றேன்.

மாமனார் முகம் வாடிவிட்டது. "அதெப்படி மாப்ள? ஊருக்கே போன் அடிக்கும், பெரிய மாப்பிள்ளை போனு மட்டும் கம்முனு கெடக்குமா? நாளைக்கு எம் பொண்ணு இன்னா கேப்பா? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பான்னு கேக்க மாட்டாளா?"

"அவருக்கு நிலமே இல்லையே மாமா!"

"நெலம் இல்லன்னா மாப்பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?"

இதற்கு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பதில் சொல்லித்தரவில்லை. சகலை வழியை எடுத்தால் எனக்குக் குறை, என் வழியை எடுத்தால் சகலைக்குக் குறை. மாமனார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். அன்றும் ஒரு வடை மிஞ்சியது. மாமியார் அதைப் பிய்த்து இரண்டு இலையிலும் வைத்தார். மாமனார் அந்த அரை வடைகளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வாய்க்காலுக்கு ரெண்டு கரை இருக்குது இல்ல? எடது கரை சின்ன மாப்பிள்ளை. வலது கரை பெரிய மாப்பிள்ளை. ஆளுக்கொண்ணு எழுதுங்க. யாருக்கும் கொறை இல்ல!"

உலகத்தில் எந்த நிறுவனமாவது இப்படி முடிவெடுத்திருக்குமா என்று தெரியவில்லை. இலை முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. சகலையும் மறுக்கவில்லை. ஆளுக்கு அரை வடையைத் தின்றுவிட்டு எழுந்தோம்.

பதினைந்து நாள் பேய் மாதிரி எழுதினேன். என் ஆப்புக்கு லாரி ஹாரன் சத்தம் வைத்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும் நேரத்துக்கு அலறும். சோதித்துப் பார்த்த அன்று ஒரு பசு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பசுவின் சொந்தக்காரர் என்னைத் திட்டினார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சகலை தன் ஆப்புக்கு வீணை இசை வைத்திருப்பதாக மனைவி வழியாகச் செய்தி வந்தது. வயலில் வீணையா! விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் உங்கள் ஆப்பும் என் ஆப்பும் ஒரே தண்ணீரைத்தானே பங்கு போடப்போகின்றன, ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ள வேண்டாமா என்று ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. பொய் சொல்வானேன், தோன்றியது. அவர் முதலில் போடட்டும் என்று இருந்துவிட்டேன்.

அணை திறந்தது. இடது கரையில் ஹாரன் அலறியது, வலது கரையில் வீணை கொஞ்சியது. போன் அடிக்க அடிக்க மடைகள் திறந்தன. முழுத் தண்ணீரும் இடது கரைக்கே என்று என் ஆப் கணக்குப் போட்டது. வலது கரைக்கும் அதே கணக்கைச் சகலையின் ஆப் போட்டது. ஆக ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் மடை திறந்துகிடந்தது. தண்ணி கம்மியா வருதே என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். அணையில் கம்மியாகத் திறந்திருப்பார்கள் என்று தாங்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். போன் நேரத்துக்கு அடித்ததில் எல்லோருக்கும் அவ்வளவு பெருமை.

மாமனாருக்குத் தலைகொள்ளாத சந்தோஷம். ஆறாம் நாள் மாப்பிள்ளைகளுக்கு மறுபடி விருந்து வைத்தார். இலை போட்டு, வடை எண்ணி வைத்து, பாயசம் ஊற்றுகிற நேரம். வாசலில் அந்த அக்கா வந்து நின்றார். ஒரு கையில் போன். இன்னொரு கையில் வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்ட நாற்று ஒரு பிடி.

"ஐயா, என் போனு ரிப்பேருங்களான்னு மாப்பிள்ளைங்களக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க. அஞ்சி நாளா அடிக்கல" என்றார்.

"மலைல இருந்தியாம்மா?" என்று மாமனார் கேட்டார்.

"மலைக்கே போவலிங்க. நீங்க தானா அடிக்கும்னு சொன்னீங்க இல்ல? அஞ்சி நாளா வரப்பு மேலதான் குந்திக்கினு இருக்கேன். பக்கத்து மோட்டார் கொட்டாயில சார்ஜ் போட்டுப் போட்டு வச்சிக்கினு இருக்கேன். அல்லாருக்கும் அடிக்குது. எனக்கு அடிக்கல."

சகலையைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் முதல் முறையாக அவரிடம் பேசினேன்.

"இவங்க உங்க கரை இல்லையா அண்ணே?"

"உங்க கரைன்னுதானே நான் நெனச்சேன்?"

வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது அக்காவின் நிலம். அங்கே கரையே கிடையாது. இடதும் இல்லை, வலதும் இல்லை. இரண்டு ஆப்பிலும் அவர் பெயர் இல்லை. அந்தப் போனில் எதையும் ஏற்றக்கூட ஒருவரும் போகவில்லை. அடிக்காத போனை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் வேலைக்கும் போகாமல் ஒரு மனுஷி வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னோம். அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. எங்கள் இலைகளைப் பார்த்தார், பிறகு மாமனாரைப் பார்த்தார். "ரெண்டு மாப்பிள்ளைக்கும் கொறை வைக்காம பார்த்துக்கினீங்க ஐயா. எனக்கு மட்டும் கொறை வச்சிட்டீங்களே" என்றார்.

மாமனார் விருட்டென்று எழுந்துபோய் மூலையில் இருந்த மண்வெட்டியைத் தூக்கினார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். சகலை கொல்லையிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். கை கழுவக்கூட இல்லை, அக்காவோடு ஓடினோம்.

வாய்க்காலின் தலைப்பில் தொடங்கினோம். இடது கரையில் நான், வலது கரையில் சகலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மடையாக மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துக்கொண்டே இறங்கினோம். மூன்றாவது மடையில் ரப்பர் பேண்ட் போன்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"எம் முறை இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங்க. உங்க ஆப்பே சொல்லுது, பாருங்க" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

பார்த்தேன். அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பச்சை நிறம் கொடுத்து, சின்னதாக ஒரு தண்ணீர்த் துளி படம் வேறு வைத்திருந்தேன்.

"ஆப் தப்புங்க" என்றேன்.

"அப்ப அதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"நீங்க எழுதினது தப்புன்னு நீங்களே சொன்னா, நீங்க இப்ப சொல்றது மட்டும் கரெக்ட்டுன்னு நான் எப்டி நம்புறது?"

அதற்குள் பின்னால் வந்த அக்கா காய்ந்த நாற்றுப் பிடியை அவர் கையில் வைத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் தன் மடையைத் தானே அடைத்தார். அவரே எனக்கு முன்னால் போய் அடுத்த வயல்காரரிடமும் பேசினார்.

ஐந்தாவது மடையில் நான் வழுக்கிக் குப்புற விழுந்தேன். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, எனக்கு நன்றாகவே ஒட்டியது. எதிர்க்கரையில் சகலை சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஐபோன் வாய்க்காலில் விழுந்தது. நான் தண்ணீரில்தானே கிடந்தேன், துழாவி எடுத்துக் கொடுத்தேன். அது உயிரோடு இருந்தது. "பார்த்தீங்களா தம்பி" என்று அந்த நேரத்திலும் பெருமையடித்தார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர் கடைமடைக்குப் போனது. நாற்றில் பாதிக்கு மேல் பிழைத்தது, மீதி போய்விட்டது. அந்த மீதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அங்கேயே, சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து முடிவெடுத்தோம். ஒரே ஆப்தான். யாருடைய வழி? "உங்களுதே இருக்கட்டும் அண்ணே" என்றேன். "சேச்சே, உங்களுதுதான் தம்பி" என்றார். இப்போது மரியாதையில் சண்டை வந்துவிட்டது. பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க கிராஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தம்மா போன்ல எது அடிக்குதோ அதைப் போடுங்க. அதுல அடிச்சிட்டா அல்லார் போன்லயும் அடிச்சிடும்" என்றார்.

நானும் சகலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணக்கெடுப்பு எடுத்து, விவாதம் செய்து, இரண்டு பேர் படித்த படிப்பையெல்லாம் கொட்டியும் எங்களுக்கு அது தோன்றவில்லை.

அக்காவின் போனை வாங்கிப் பார்த்தோம். சகலையின் ஆப்பை ஏற்றினால் இடம் போதாது என்றது. "பசங்க பள்ளிக்கூடத்துல ஆடின போட்டோ இருக்குது, அத அழிக்க மாட்டேன்" என்றார் அக்கா. சரி, என்னுடையதை ஏற்றலாம் என்றால், போன் ரொம்பப் பழசு என்று சொல்லி ஏறவே மறுத்தது. புதுப் போன்களுக்கு மட்டும் போதும் என்று மிதப்பில் அப்படி எழுதிவைத்ததும் நான்தான்.

"உங்க வழியிலயே போங்க தம்பி. இந்தப் போனுக்குன்னே, சின்னதா எழுதுங்க. முறைக் கணக்க நான் போட்டுத் தரேன்" என்றார் சகலை.

மூன்று தீபாவளி, மூன்று பொங்கலாகக் காத்திருந்த வெற்றி. கையில் கிடைத்தபோது கொண்டாடத் தோன்றவில்லை. மறுநாளே சகலை என் மாடி அறைக்கு வந்துவிட்டார். இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே கணக்கு, கடைமடையிலிருந்து தொடங்கும் கணக்கு. அவர் கணக்கை எழுதினார், நான் போனுக்குள் ஓடுவதை எழுதினேன். ஹாரனா வீணையா என்று மட்டும் அரை நாள் சண்டை போட்டோம். ஹாரன் ஜெயித்தது.

மாமனாருக்கு ஒரே ஒரு கவலை மிச்சம் இருந்தது. புது ஆப் ஐபோனில் ஓடாது. பெரிய மாப்பிள்ளைக்குக் குறை! அதற்கு அவரே வழி கண்டுபிடித்தார். யாருக்கு முறை வந்தாலும் அந்த நேரத்துக்குச் சகலையைத் தானே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது. சகலை வேண்டாம் மாமா என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. விடிகாலையில் ஒரு தரம், குளிக்கும்போது ஒரு தரம் என்று திருக்கோவிலூருக்கு இன்றும் போன் போய்க்கொண்டிருக்கிறது.

புது ஆப்பில் முதல் முறை அக்காவுக்கு. முந்தின நாள் அவர் மலையில் இருந்தார். நாளை காலை உன் முறை என்று, ஒரு புள்ளி சிக்னல்கூட இல்லாத இடத்தில், இடுப்புப் பையிலிருந்து லாரி ஹாரன் அலறியதாம். மரவள்ளிக் கொல்லையில் குனிந்திருந்த அத்தனை பேரும் எழுந்து வழிவிட்டார்களாம்.

மறுநாள் காலை அவர் வயலில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். முதலில் அடித்தது சகலையின் ஐபோன். "மாப்ள, கடைமடை அம்மாவுக்கு முறை வந்துட்டுதுங்க" என்றது மாமனாரின் குரல். இருபதடி தள்ளி வரப்பில் நின்றுதான் பேசினார்.

நான் என் போனில் மணி பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அதற்குள் தண்ணீரே முந்திக்கொண்டது. பழுப்பு நிறத்தில் நுரையோடு வந்து அக்காவின் காலை நனைத்துக்கொண்டு நாற்றங்காலுக்குள் போனது. அதன் பிறகுதான் அவர் கையிலிருந்த போன் அலறியது. தண்ணீர் வந்துவிட்டது, இனி எதற்கு இந்தச் சத்தம் என்று அதை நிறுத்தக் கையை நீட்டினேன்.

அக்கா போனைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வுடுங்க தம்பி, அடிக்கட்டும்" என்றார். "எனக்குத்தானே அடிக்குது."